தகவல் எப்போது அழிகிறது?

2003 பிப்ரவரி 1 அன்று கொலம்பியா விண்வெளி ஓடம் பூமிக்குத் திரும்பும் வழியில் டெக்சாஸ் வானத்தில் சிதறியது. அதிலிருந்த ஏழு பேரும் மாண்டார்கள். கீழே விழுந்த சிதறல்களில் ஒரு ஹார்டு டிஸ்க்கும் இருந்தது. விண்வெளியில் செனான் வாயுவின் பாகுத்தன்மை எப்படி மாறுகிறது என்று அளந்த பரிசோதனை ஒன்றின் பதிவுகள் அதில் இருந்தன. சுமார் ஆறு மாதம் கழித்து, வறண்ட ஏரிப்படுகை ஒன்றில் அது கிடைத்தது. பிளாஸ்டிக் பாகங்கள் உருகியிருந்தன. அடியிலிருந்த சர்க்யூட் போர்டு கரிந்து, சிப்புகள் பெயர்ந்திருந்தன. தூசி புகாமல் காக்கும் அடைப்பும் உருகிப்போய் உள்ளே மண் புகுந்திருந்தது. க்ரோல் ஆன்ட்ராக் என்ற தகவல் மீட்பு நிறுவனத்தின் பொறியாளர் ஜான் எட்வர்ட்ஸ் அதன் தட்டுகளைக் கழற்றி, ரசாயனக் கரைசலால் சுத்தம் செய்து, புதிய டிரைவ் ஒன்றில் பொருத்தினார். இரண்டு நாள் வேலையில் 99 சதவீதத் தகவல் திரும்பி வந்தது. அந்த அளவீடுகளை வைத்து எழுதிய கட்டுரை 2008இல் பிசிக்கல் ரிவ்யூ ஈ ஆய்விதழில் வெளியானது.

மேசையிலிருந்து தரைக்கு விழுந்த லேப்டாப்பிலிருந்து ஒரு புகைப்படத்தைக்கூட எடுக்க முடியாமல் போவதும் உண்டு. விழுந்த உயரத்தை வைத்து இந்த வித்தியாசத்தை விளக்க முடியாது. கொலம்பியாவின் டிஸ்க்கை ஆறு மாதம் யாரும் தொடவில்லை, யாரும் அதற்கு மின்சாரம் கொடுத்துப் பார்க்கவில்லை. கிடைத்த பின் அது வேலை தெரிந்தவர் கைக்குப் போனது. லேப்டாப்போ விழுந்த அடுத்த நிமிடமே ஆன் செய்யப்படுகிறது. வரவில்லை என்றால் மறுபடியும், அதற்கு மேலும் மறுபடியும். இந்த அத்தியாயம் சொல்ல வருவது இதுதான்: ஹார்டு டிஸ்க் பழுதாகிற கணத்தில் பெரும்பாலும் தகவல் அழிவதில்லை. அதைப் படிக்கும் வழிதான் அடைபடுகிறது. அழிவு அதற்குப் பின், உரிமையாளரோ அவருக்கு உதவ வந்தவரோ எடுக்கும் முயற்சிகளில் நடக்கிறது. கொலம்பியா கதையில் அதிர்ஷ்டத்துக்கும் பங்குண்டு என்பதை மறைக்கக் கூடாது. அந்தத் தட்டுகளில் கீறலும் குழியும் இருந்தன. ஆனால் டிஸ்க் பாதிதான் நிரம்பியிருந்தது. தகவலைச் சிதறடிக்காமல் அடுத்தடுத்து எழுதும் பழைய டாஸ் இயங்குதளம் அதில் ஓடியது. சேதம் தகவல் எழுதப்படாத காலி இடத்தில் விழுந்தது. அதே ஓடத்திலிருந்த வேறு இரண்டு டிரைவ்களிலிருந்து எதையும் எடுக்க முடியவில்லை. அதிர்ஷ்டம் கொடுத்ததை யாரும் கெடுக்காமல் இருந்தார்கள் என்பதே இங்கே நமக்கு வேண்டிய பாடம்.

காரணம் புரிய, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். லேப்டாப் ஹார்டு டிஸ்க்கின் தட்டு பெரும்பாலும் கண்ணாடியால் ஆனது. அதன் மேல் கோபால்ட் கலவையில் மிக மெல்லிய காந்தப் படலம், அதைக் காக்க ஒரு கார்பன் பூச்சு, அதற்கும் மேல் உயவுப் பொருளின் படிவு. தகவல் என்று நாம் சொல்வது அந்தக் காந்தப் படலத்தின் குட்டிக் குட்டிப் பகுதிகள் எந்தத் திசையில் காந்தமாகியிருக்கின்றன என்பதுதான். மீதி எல்லாம் அதைப் படிக்கவும் எழுதவும் வந்த ஏற்பாடு: தட்டைச் சுழற்றும் மோட்டார், தட்டைப் படித்து எழுதும் முனையான ஹெட், அதைத் தாங்கி நகரும் கை, சர்க்யூட் போர்டு, டிரைவை இயக்கும் உள்மென்பொருளான ஃபர்ம்வேர். பழுதாவது கிட்டத்தட்ட எப்போதுமே இந்த ஏற்பாட்டில் ஏதோ ஒன்று. 2009 ஜனவரியில் சீகேட்டின் பாரகூடா 7200.11 வரிசை டிரைவ்கள் பல ஒரு ஃபர்ம்வேர் பிழையால் திடீரென்று கணினியின் கண்ணுக்கே தெரியாமல் போயின. தட்டில் ஒரு கீறல் இல்லை, ஒரு பைட் அழியவில்லை. டிரைவ் தன் உள்கணக்கில் சிக்கிக்கொண்டு பதில் சொல்ல மறுத்தது, அவ்வளவுதான். அப்படிப்பட்ட டிஸ்க்கை 'செத்துவிட்டது' என்று குப்பையில் போட்டவர்கள், நல்ல தகவலைப் போட்டிருக்கிறார்கள்.

தட்டில் இருப்பது உண்மையிலேயே அழிய வேண்டுமானால் பெரும்பாலும் மூன்றில் ஒன்று நடக்க வேண்டும். அதன் மேல் வேறொன்று எழுதப்பட வேண்டும், காந்தத்தன்மையே போகும் அளவுக்குச் சூடேற வேண்டும், அல்லது படலம் உரசிப் பெயர வேண்டும். சூட்டுக்கு வீட்டில் வாய்ப்பு குறைவு. மற்ற இரண்டும் நம் கையால் நடப்பவை. உரசல் எப்படி வருகிறது என்று பாருங்கள். நிமிடத்துக்கு 5400 முறை சுழலும் 65 மில்லிமீட்டர் தட்டின் விளிம்பு மணிக்கு 66 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. அதற்கு மேலே ஹெட் மிதக்கும் உயரம் சில நானோமீட்டர். தலைமயிர் ஒன்றின் தடிமனே பல்லாயிரம் நானோமீட்டர். விழுந்த அதிர்ச்சியில் ஹெட் ஒருமுறை தட்டைத் தொட்டால் ஒரு சிறு தழும்பு உண்டாகும், கொஞ்சம் துகள் பெயரும். அந்த ஒரு தழும்பில் போவது ஓரிரு கோப்புகளாக இருக்கலாம். ஆனால் அடுத்த முறை ஆன் செய்யும்போது, வளைந்த ஹெட் அதே வேகத்தில் தட்டு முழுவதும் இழுபடுகிறது; பெயர்ந்த துகள் மற்ற ஹெட்டுகளின் கீழே போய்ச் சிக்குகிறது; அங்கேயும் உரசுகிறது. நாற்று நட்ட வயலில் மாடு புகுந்தால், அதை விரட்டக் குறுக்கே ஓடுகிறவர் மாட்டைவிட அதிக நாற்றை மிதித்துவிடுவார். மீட்புக் கூடத்தில் திறந்து பார்க்கும்போது தட்டில் வட்ட வட்டமாகப் படலம் போய்க் கண்ணாடி தெரிகிற டிஸ்க்குகள் உண்டு. அவை ஒரு விழுதலில் அப்படி ஆனவை அல்ல, விழுந்த பின்னும் ஓடவிடப்பட்டவை.

ஆகவே முதல் கேள்வி, டிஸ்க் போகிறது என்பதை எப்படித் தெரிந்துகொள்வது? காதுதான் முதல் கருவி. சீரான இடைவெளியில் 'டக்… டக்… டக்…' என்று வந்தால், ஹெட் தட்டில் தான் எங்கே இருக்கிறோம் என்பதைக் காட்டும் குறிகளைப் படிக்க முடியாமல், பின்வாங்கி, மறுபடி முயல்கிறது என்று பொருள். மெல்லிய பீப் ஒலியோ முனகலோ வந்து தட்டு சுழலவே இல்லையென்றால், ஹெட் தட்டோடு ஒட்டிக்கொண்டிருக்கலாம், அல்லது மோட்டாரின் பேரிங் இறுகியிருக்கலாம். லேப்டாப் டிரைவ் வேலையில்லாத நேரத்தில் ஹெட்டை ஓரத்துச் சரிவில் கொண்டு போய் நிறுத்தும்போது ஒரே ஒரு 'டிக்' கேட்கும்; அது இயல்பானது, அதற்காகப் பயப்பட வேண்டியதில்லை. காதுக்கு எட்டாத அறிகுறி மந்தம். தட்டில் தகவல் எழுதப்படும் சிறு கூறான செக்டார் ஒன்றைப் படிக்க முடியாவிட்டால் டிரைவ் உடனே கைவிடாது; ஹெட்டைச் சற்று நகர்த்தி, பிழைதிருத்தக் கணக்குகளை மாற்றி, திரும்பத் திரும்பப் படிக்கும். அந்த நேரமெல்லாம் விண்டோஸ் உறைந்து நிற்கும். லேப்டாப் மெதுவாவதற்கு ஆயிரம் காரணம் உண்டென்பது சரிதான்: நினைவகம் போதாமை, அப்டேட், வைரஸ். பிரித்தறிய ஒரு வழி இருக்கிறது. மென்பொருளால் வரும் மந்தம் எல்லா இடத்திலும் பரவியிருக்கும், நேரத்துக்கு நேரம் மாறும். டிஸ்க்கால் வரும் மந்தம் இடத்தோடு ஒட்டியது. குறிப்பிட்ட ஒரு ஃபோல்டரைத் திறந்தால் மட்டும் நிற்கும், காப்பி செய்யும்போது அதே கோப்பில் மறுபடி மறுபடி தடுக்கும்.

அப்படியானால் டிரைவே தன் உடல்நிலையைச் சொல்லாதா என்று கேட்கலாம். சொல்லும். 1990களில் ஐபிஎம், காம்பேக் போன்ற நிறுவனங்கள் தொடங்கிவைத்த முயற்சிகளிலிருந்து பிறந்ததுதான் ஸ்மார்ட் என்னும் தற்கண்காணிப்பு முறை. எத்தனை செக்டார்கள் கெட்டு மாற்றிடத்துக்கு நகர்த்தப்பட்டன, எத்தனை செக்டார்கள் படிக்க முடியாமல் முடிவுக்குக் காத்திருக்கின்றன என்பது போன்ற கணக்குகளை டிரைவ் தனக்குள்ளேயே வைத்திருக்கிறது. கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ போன்ற இலவச மென்பொருளில் அவற்றைப் பார்க்கலாம். இந்தக் கணக்குகளை எவ்வளவு நம்பலாம் என்பதற்கு நல்ல சான்று 2007இல் கிடைத்தது. கூகுளின் பின்ஹெய்ரோ, வெபர், பரோசோ ஆகிய மூவரும் தங்கள் நிறுவனத்தின் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிரைவ்களைக் கவனித்து எழுதிய ஆய்வு அது. தட்டை முழுதாகச் சோதிக்கும்போது ஒரு பிழை முதன்முறையாகத் தென்பட்ட டிரைவ், அப்படிப் பிழை இல்லாத டிரைவைவிட அடுத்த 60 நாளில் பழுதாகும் வாய்ப்பு 39 மடங்கு. முதல் செக்டார் மாற்றத்துக்குப் பின் அது 14 மடங்கு. இவ்வளவு வலுவான அறிகுறிகள் கிடைத்தும், ஆய்வின் மறுபக்கம் ஏமாற்றமே: பழுதான டிரைவ்களில் 56 சதவீதத்துக்கும் மேல், முக்கியமான நான்கு கணக்குகளில் ஒன்றில்கூடப் பூஜ்யத்தைத் தாண்டாமலே போயின. வெப்பநிலையைத் தவிர்த்த எல்லாக் கணக்குகளையும் சேர்த்துப் பார்த்தாலும், 36 சதவீதம் எந்த முன்னறிவிப்பும் தராமல் போயின.

பேக்பிளேஸ் என்ற சேமிப்பு நிறுவனம் 2016இல் தன் டிரைவ்களைப் பற்றி வெளியிட்ட கணக்கு சற்று நம்பிக்கை தருவது. பழுதானவற்றில் 76.7 சதவீதம், தேர்ந்தெடுத்த ஐந்து கணக்குகளில் ஒன்றிலாவது பூஜ்யத்துக்கு மேல் காட்டியிருந்தன, ஓடிக்கொண்டிருந்தவற்றில் 4.2 சதவீதம்தான் அப்படிக் காட்டின. எண்கள் வேறுபட்டாலும் இரண்டு ஆய்வுகளும் ஒரே திசையில் கைகாட்டுகின்றன. ஸ்மார்ட் 'கெட்டுப்போகிறேன்' என்றால் நம்பு; 'நன்றாக இருக்கிறேன்' என்றால் நம்பாதே. மென்பொருள் காட்டும் பச்சை நிறத்தை நல்வாழ்வுச் சான்றிதழாக எடுத்துக்கொண்டு, 'டக்… டக்…' ஒலியை அலட்சியம் செய்கிறவர்களுக்கு இது முக்கியம். சூட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை: டிஸ்க் சூடானால் சீக்கிரம் போகும் என்ற பொது நம்பிக்கைக்குக் கூகுள் ஆய்வில் எதிர்பார்த்த ஆதரவு கிடைக்கவில்லை, குளிர்ச்சியான டிரைவ்களும் கணிசமாகப் போயின. அவை சர்வர் அறையில் இருந்தவை என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.

'பெட்டியின் மேலேயே பத்து லட்சம் மணி நேரம் என்று போட்டிருக்கிறதே' என்று சிலர் கேட்பார்கள். பத்து லட்சம் மணி என்பது 114 ஆண்டு. எந்த டிரைவும் அவ்வளவு காலம் ஓடாது; அந்த எண் ஏராளமான டிரைவ்களின் சராசரியிலிருந்து கணக்கிட்டது, ஆண்டுக்கு நூற்றில் ஒன்றுக்கும் குறைவாகப் பழுதாகும் என்று அதற்குப் பொருள். பியாங்கா ஷ்ரோடரும் கார்த் கிப்சனும் 2007இல் ஏறத்தாழ ஒரு லட்சம் டிரைவ்களின் பதிவுகளைப் பார்த்தபோது, உண்மையில் மாற்றப்பட்டவை ஆண்டுக்கு 2 முதல் 4 சதவீதம் என்பது சாதாரணமாக இருந்தது, சில இடங்களில் 13 சதவீதம் வரை போனது. லேப்டாப் டிரைவ் சர்வர் அறையின் அமைதியில் வாழ்வதுமில்லை. மடியில் ஆடுகிறது, பேருந்தில் குலுங்குகிறது. விழுவதை உணர்ந்து ஹெட்டை ஓரங்கட்டும் ஏற்பாட்டை 2003இல் ஐபிஎம் தன் திங்க்பேடிலும், 2005இல் ஆப்பிள் தன் பவர்புக்கிலும் வைத்ததற்கு வேறென்ன காரணம் இருக்க முடியும்?

இனி விஷயத்தின் மையத்துக்கு வரலாம். அறிகுறி தெரிந்த பின் பெரும்பாலோர் செய்வது என்ன? முதலில் ரீஸ்டார்ட். பிறகு 'செக் டிஸ்க்' ஓடவிடுவார்கள். அடுத்து விண்டோஸை மறுபடி இன்ஸ்டால் செய்வார்கள். இணையத்தில் கண்ட மீட்பு மென்பொருளை அதே டிஸ்க்கில் இறக்குவார்கள். துணிச்சல்காரர்கள் டிஸ்க்கைப் பாலித்தீன் பையில் சுற்றி ஃப்ரீசரில் வைப்பார்கள், இன்னும் துணிந்தவர்கள் மூடியைத் திறப்பார்கள். ஒவ்வொன்றும் எங்கே கெடுக்கிறது என்று பார்ப்பது பயனுள்ளது. செக் டிஸ்க்கின் வேலை கோப்பமைப்பை ஒழுங்குபடுத்துவது. உங்கள் கோப்புகளைக் காப்பது அதன் வேலையே இல்லை. படிக்க முடியாத குறிப்புகளைக் கண்டால் அவற்றை வெட்டியெறிந்து, பட்டியலைத் திருத்தி, அந்தத் திருத்தத்தை டிஸ்க்கிலேயே எழுதும். ஒரு ஃபோல்டர் முழுவதும் பெயரிழந்த துண்டுகளாக மாறிப்போவது அப்படித்தான். விண்டோஸை மறுபடி இன்ஸ்டால் செய்வது பல ஜிகாபைட் புதிய தகவலைப் பழையதன் மேல் எழுதுவது. மீட்பு மென்பொருளை அதே டிஸ்க்கில் இறக்கினால், தேடப்போகும் கோப்பின் மேலேயே அது உட்காரக்கூடும். ஃப்ரீசரிலிருந்து எடுத்த டிஸ்க்கின் உள்ளே ஈரம் படியும். நானோமீட்டர் உயரத்தில் பறக்கும் ஹெட்டுக்கு ஒரு நீர்த்துளி மலை. மூடியைத் திறப்பது பற்றிச் சொல்லவே வேண்டாம். மீட்புக் கூடங்கள் டிஸ்க்கைத் திறக்கும் இடத்தில் ஒரு கன அடிக் காற்றில் அரை மைக்ரான் அளவுத் துகள் நூறுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது வழக்கமான வரம்பு. நம் வீட்டுக் காற்றில் அவை லட்சக்கணக்கில் இருக்கும்.

'செக் டிஸ்க் ஓட்டித்தான் என் கணினி சரியானது' என்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. மின்தடையில் அரைகுறையாக நின்ற எழுத்து வேலையால் கோப்பமைப்பு மட்டும் குழம்பியிருந்து, தட்டும் ஹெட்டும் நலமாக இருந்தால் அது சரிசெய்யும். சிக்கல் என்னவென்றால், வெளியிலிருந்து பார்க்க இரண்டு நோய்க்கும் அறிகுறி ஒன்று போலவே இருக்கும், மருந்தோ ஒன்றுக்கு நல்லது, மற்றொன்றுக்கு நஞ்சு. எது என்று தெரியாதபோது, இரண்டுக்குமே கெடுதல் செய்யாத வழியைத்தான் முதலில் எடுக்க வேண்டும். அந்த வழியின் பெயர் இமேஜ் எடுப்பது. கோப்புகளைப் பற்றிக் கவலைப்படாமல், டிஸ்க்கின் முதல் செக்டாரிலிருந்து கடைசி வரை உள்ளதை உள்ளபடியே வேறொரு நல்ல டிஸ்க்குக்கு நகலெடுப்பது. பழைய டிஸ்க்கில் ஓர் எழுத்துகூட எழுதப்படாது. அதற்குப் பின் எந்தச் சோதனையும் நகலில்தான். நகல் கெட்டால் இன்னொரு நகல்.

இதற்கென்றே அன்டோனியோ டியாஸ் டியாஸ் எழுதிய ஜிஎன்யூ டிடிரெஸ்க்யூ என்ற இலவசக் கருவி, இந்த அத்தியாயத்தின் வாதத்தையே நிரலாக எழுதியது போன்றது. சாதாரண காப்பி வேலை ஒரு கெட்ட செக்டாரில் மோதினால் அங்கேயே நின்று மல்லுக்கட்டும். அதற்குள் ஹெட் செத்தும் போகலாம். டிடிரெஸ்க்யூ கெட்ட இடத்தைத் தொட்டதும் அதைக் குறித்துவைத்துவிட்டுத் தாண்டிப் போகும். எளிதில் கிடைப்பதையெல்லாம் முதலில் அள்ளிக்கொள்ளும். அது முடிந்த பின்தான், விட்டுப்போன பகுதிகளின் ஓரங்களிலிருந்து உள்நோக்கி மெல்லச் சுரண்டத் தொடங்கும். எது வந்தது, எது வரவில்லை என்ற கணக்கைத் தனிக் கோப்பில் வைத்திருப்பதால், நடுவில் நிறுத்தி மறுநாள் தொடர்ந்தாலும் எடுத்ததையே மறுபடி படித்து டிஸ்க்கை வருத்தாது. டிரைவின் மிச்ச ஆயுள் எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது என்ற அனுமானத்திலிருந்து பிறந்த ஒழுங்கு இது. என் கணிப்பில் தகவல் மீட்பில் இதைவிட முக்கியமான சிந்தனை வேறில்லை. நகல் கிடைத்த பின், தொலைந்த பார்ட்டிஷனை டெஸ்ட் டிஸ்க் என்ற மென்பொருள் தேடித் தரும். கோப்புப் பட்டியலே அழிந்திருந்தால் ஃபோட்டோரெக் என்ற மென்பொருள் கோப்புகளின் தலைக்குறியை வைத்துத் தேடும். ஜேபெக் படம் ஒவ்வொன்றும் ஒரே மாதிரியான சில பைட்டுகளில்தான் தொடங்கும். அவை எங்கெல்லாம் தென்படுகின்றனவோ அங்கெல்லாம் ஒரு படத்தை வெட்டியெடுக்கும். பெயரும் தேதியும் வராது, துண்டு துண்டாகச் சேமிக்கப்பட்டது அரைகுறையாக வரும். தவறுதலாக டெலிட் செய்ததையும் க்விக் ஃபார்மட் செய்ததையும் இதே வழியில் எடுக்கலாம். டெலிட் என்பது அந்த இடத்தைக் காலி என்று பட்டியலில் குறிப்பதுதான். உள்ளே இருப்பது, மேலே வேறொன்று எழுதப்படும் வரை அப்படியே இருக்கும்.

ஆனால் ஒலி எழுப்பும் டிஸ்க்கிலும், சுழலாத டிஸ்க்கிலும் இந்தக் கருவிகளை வீட்டில் ஓட்டக் கூடாது. அங்கே முதல் வேலை ஹெட்டை மாற்றுவது. அதே மாடலில், கிட்டத்தட்ட அதே காலத்தில் தயாரான இன்னொரு டிரைவிலிருந்து ஹெட்டை எடுத்துப் பொருத்த வேண்டும். சர்க்யூட் போர்டை மாற்றினால் போதும் என்பது பழைய காலத்து நடைமுறை. இன்றைய போர்டிலுள்ள ஒரு சிறு சிப்பில் அந்தக் குறிப்பிட்ட டிரைவுக்கு மட்டுமே உரிய அளவுத்திருத்தங்கள் இருக்கின்றன. அதையும் பெயர்த்து மாற்றாவிட்டால் புதிய போர்டால் பயனில்லை. மீட்புக் கூடங்கள் கேட்கும் கட்டணம் பலரையும் திகைக்க வைப்பதற்குக் காரணம் இந்தக் கைவேலைதான். கட்டணத்தைப் பார்த்து 'நாமே ஒருமுறை முயன்று பார்ப்போம், முடியாவிட்டால் அவர்களிடம் கொடுப்போம்' என்று நினைப்பது இயற்கை. அந்த வரிசை தலைகீழானது. அவர்களால் முடியாவிட்டால் நாம் முயன்று இழக்க ஒன்றுமில்லை. நாம் முயன்ற பின் அவர்களுக்கு எடுக்கவும் ஒன்றுமில்லாமல் போகலாம்.

எதை அழித்தாலும் நிபுணர்கள் எடுத்துவிடுவார்கள் என்ற நம்பிக்கையும் இந்த அலட்சியத்துக்கு ஒரு காரணம். அதன் வேர் 1996இல் பீட்டர் கட்மன் எழுதிய கட்டுரை. மேலெழுதிய தகவலின் காந்தச் சாயல் மிச்சமிருக்கலாம், ஆகவே 35 முறை வெவ்வேறு விதமாக மேலெழுத வேண்டும் என்று அன்றைய பலவகை டிஸ்க்குகளையும் மனத்தில் வைத்து அவர் எழுதினார். இன்றைய அடர்த்தியில் ஒருமுறை முழுதாக மேலெழுதினாலே போதும் என்பதே அமெரிக்காவின் தரநிர்ணய நிறுவனமான நிஸ்ட்டின் வழிகாட்டலிலும் உள்ள கருத்து. நிபுணர் கழன்ற ஹெட்டை மாற்றுவார், எரிந்த போர்டை மாற்றுவார். மேலெழுதப்பட்டதையும் உரசித் தூளானதையும் அவரால் திருப்பித் தர முடியாது.

இந்த வாதத்துக்கு உண்மையான சவால் தகவலைச் சிப்புகளில் வைக்கும் எஸ்எஸ்டியிடமிருந்து வருகிறது. இன்றைய லேப்டாப்களில் பெரும்பாலும் இருப்பது அதுதான். தட்டும் இல்லை, ஹெட்டும் இல்லை. ஆகவே ஒலியும் இல்லை. 2009இல் வந்த விண்டோஸ் 7 முதல் டிரிம் என்ற கட்டளை இயங்குதளத்தில் இருக்கிறது. ஒரு கோப்பை டெலிட் செய்ததும், இந்த இடங்கள் இனி வேண்டாம் என்று அது டிரைவுக்குச் சொல்லும். அதன் பின் அந்த இடத்தைப் படித்தால் பெரும்பாலும் பூஜ்யம்தான் வரும். மின்சாரம் இருக்கும்வரை டிரைவ் தானாகவே உள்ளே சுத்தம் செய்துகொண்டிருக்கும். அதாவது டெலிட் செய்தது இங்கே அநேகமாக அந்தக் கணத்திலேயே போய்விடுகிறது, நான் மேலே சொன்னது இந்த இடத்தில் செல்லாது. எஸ்எஸ்டியின் சாவும் வேறு மாதிரி. 2019 நவம்பரில் ஹெச்பிஇ நிறுவனம் தன் சில எஸ்எஸ்டிகள் 32,768 மணி நேரம் ஓடியதும் செயலிழக்கும் என்று அறிவித்தது. அந்த எண் இரண்டின் பதினைந்தாம் அடுக்கு. மணிக்கணக்கை வைக்கும் எண்ணி நிரம்பி வழிந்ததால் வந்த ஃபர்ம்வேர் பிழை. 3 ஆண்டு, 270 நாள், 8 மணி நேரம் முடிந்தால் டிரைவும் திரும்பாது, தகவலும் திரும்பாது என்றது அந்த அறிவிப்பு. ஒன்றாக வாங்கி ஒன்றாக ஆன் செய்த எஸ்எஸ்டிகள் ஒரே நேரத்தில் விழும் ஆபத்து அதில் இருந்தது. ஒன்றுக்கு ஒன்று நகலாக வைத்திருந்தாலும் காப்பாற்றாது.

இதோடு மறையாக்கமும் சேர்ந்துகொண்டது. விண்டோஸ் 11 லேப்டாப்கள் பலவற்றில், மைக்ரோசாஃப்ட் கணக்கோடு உள்ளே நுழைந்தாலே டிஸ்க் மறையாக்கம் தானாக இயங்கிவிடும். டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் திறக்க 48 இலக்க மீட்புச் சாவி வேண்டும். 2018 முதல் டி2 சிப்போடு வந்த ஆப்பிள் லேப்டாப்களிலும், அதற்குப் பிந்தைய ஆப்பிள் சிலிக்கான் லேப்டாப்களிலும் சாவி அந்தச் சிப்போடு பிணைந்திருக்கிறது. சேமிப்புச் சிப்புகளைத் தனியே கழற்றிப் படித்தால் கிடைப்பது அர்த்தமற்ற எண்கள். போர்டு எரிந்தால் போர்டைப் பழுதுபார்த்துத்தான் தகவலை எடுக்க முடியும். எனவே எஸ்எஸ்டி உலகில் பழுதுக்குப் பிந்திய மணி நேரத்தின் மதிப்பு குறைந்துவிட்டது, முந்திய மணி நேரங்களின் மதிப்பு கூடிவிட்டது.

அப்படியானால் பேக்கப் வைத்துக்கொள்ளுங்கள் என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு இந்த அத்தியாயத்தையே விட்டிருக்கலாமே? பேக்கப் வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் பேக்கப் இருக்கிறது என்று நினைப்பதும் இருப்பதும் வேறு. 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர் தவறான சர்வரில் தரவுத்தளத்தை அழித்தார். ஐந்து வகைப் பாதுகாப்பு ஏற்பாடுகளில் ஒன்றுகூட நம்பத்தக்கதாக இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. தினசரி பேக்கப் மென்பொருள் பதிப்புப் பொருந்தாமையால் எதையும் எடுக்காமலே இருந்திருக்கிறது; அதைச் சொல்லும் எச்சரிக்கை மின்னஞ்சல்களும் வந்து சேராமல் மறுக்கப்பட்டிருக்கின்றன. சோதனைக்காகச் சில மணி நேரம் முன் யாரோ எடுத்துவைத்த ஒரு நகலால், இழப்பு ஆறு மணி நேரத் தகவலோடு நின்றது. கணினியே தொழிலாக உள்ளவர்களின் நிலை இது. கூகுள் டிரைவ், ஒன்டிரைவ் போன்ற ஒத்திசைவையும் பலர் பேக்கப் என்று நினைக்கிறார்கள். இங்கே அழித்தால் அங்கேயும் அழியும், குப்பைத்தொட்டியில் சில நாள் கிடக்கும், பிறகு இராது. கடைசி பேக்கப்புக்கும் பழுதுக்கும் இடையில் எப்போதும் ஓர் இடைவெளி இருக்கும். அந்த இடைவெளியில் விழுந்ததைக் காப்பது பழுதுக்குப் பின் நாம் காட்டும் நிதானம் மட்டுமே.

லேப்டாப் விண்டோஸாக இருந்தால், மறையாக்கச் சாவி உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கிறதா என்று இன்றே பார்த்து, தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். டிஸ்க் ஒலி எழுப்பினால் ஷட்டவுன் ஆகும்வரை காத்திருக்காமல் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணையுங்கள். பிறகு ஆன் செய்யாதீர்கள். பழுதுபார்க்கும் கடைக்குக் கொண்டுபோகும்போது, விழுந்ததா, ஈரமானதா, இதற்கு முன் யார் என்ன செய்தார்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். கொடுக்கும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: 'முதலில் இமேஜ் எடுத்து, நகலில்தானே வேலை செய்வீர்கள்?' இல்லை, நேராக டிஸ்க்கிலேயே ஸ்கேன் போட்டுப் பார்ப்போம் என்று பதில் வந்தால், டிஸ்க்கை வாங்கிக்கொண்டு வேறு இடம் பாருங்கள்.